அம்மாக்களை உட்கார வைத்தவர்களுக்கு

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அம்மாக்களின் முகங்களை வரைந்து, வரையும்போதே அவர்கள் சொன்ன கதைகளையும் பதிவு செய்து, போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் காட்டினோம். வந்தவர்கள் என்னைத்தான் பாராட்டினார்கள். வரைந்தது நான்தான், சரி. ஆனால் ஒரு முகத்தை உருப்படியாக வரைய அந்த ஆள் எதிரே அசையாமல் உட்கார வேண்டுமே. விடியுமுன் எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில், அதுதான் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டு, மலையேறி, அந்தியில் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிற ஒருத்தியை எந்த நேரத்தில் உட்கார வைப்பது? அந்த நேரத்தை உண்டாக்கித் தந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் பிள்ளைமடுவத்து அக்கா. நான் வரைந்த ஞாயிறு அவருக்கும் லீவுதான், ஆனாலும் தன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்துக்கொண்டார். கைப்பிள்ளை பாலுக்கு அழுதால் தூக்கி வருவார். அப்படிப் பால் கொடுத்துக்கொண்டே மேல் டிவிசன் தங்கச்சி ஒருத்தி தன் அம்மாயியின் கதையைச் சொன்னாள். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் தோட்டத்து ஆட்கள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கையெழுத்தானதே, அந்தக் கணக்கில் அம்மாயியின் அக்கா குடும்பம் போனது. கப்பலேறத் தலைமன்னார் போகிற ரயிலில், பிரிகிறவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கியதில், அவர்களை ஏற்றிவிட அம்மாயி நிறைமாத வயிற்றோடு ஹட்டன் ஸ்டேசனுக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம் பிறந்த பிள்ளைக்கு அக்காவின் பெயர். தங்கச்சியின் அம்மாதான் அந்தப் பிள்ளை, அவரும் மண்டபத்துக்கு வந்திருந்தார்.

அன்றைக்கு சமைத்த கணவன்மார்களுக்கும் நன்றி. பருப்பு அடிப்பிடித்தது என்று கேள்விப்பட்டேன், பரவாயில்லை.

கொழும்பிலிருந்து வண்ணம் வாங்கி வந்த தம்பி, நான் எழுதிக் கொடுத்த எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு, சீக்கிரம் காய்கிற அக்ரிலிக் வாங்கி வந்தான். 'அக்கா, இந்த மூடுபனியில எண்ணெய் எப்பக் காயும்?' என்றான். நியாயமான கேள்வி.

அப்புறம் கீழ் லயத்து, அதாவது கீழ் வரிசை வீடுகளின், ஆச்சி. தேயிலைப் பெட்டிமேல் சிரிக்கிற கூடைக்காரியைப் பார்த்துப் பார்த்து எனக்கே சலிப்பு, அதை நான் சொல்லுமுன் ஆச்சியே சொல்லிவிட்டார்: 'கூடை வேணாம் புள்ள. ஆனா கயிறு இழுத்த எடத்த விட்டுறாத.' கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டித்தானே சுமப்பது, அது அழுத்தி வகிட்டுக்கு மேலே முடி தேய்ந்து வழுவழுப்பாக ஒரு பட்டை, அதன் ஓரத்தில் லேசான பள்ளம். காவியில் துளி நீலம் கலந்து, ஒத்துவராமல் துடைத்து, மறுபடி கலந்து வரைந்தேன். ஆச்சி எழுந்து வந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்றார். ஆழமாக்கினேன். இருந்த படங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கெமரனின் கல்லறை இதே பொகவந்தலாவையில், புனித மரியாள் ஆலயத்தில் இருக்கிறது. கோப்பித் தோட்டத் துரையின் மனைவி, 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இறந்தவர். உலகமே கொண்டாடுகிற கலைஞர்தான், ஆனால் அவர் இங்கே எடுத்த நம் ஆட்களின் படங்களில் பெரும்பாலும் பெயர் கிடையாது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் படங்களின் கீழே அவரவர் பெயர், அம்மா பெயர், அம்மாயி பெயர் மூன்றும் இருந்ததற்கு ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஐயாதான் காரணம். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, லயத்தில் கூப்பிடுவது வேறொன்று என்றிருந்தவர்களிடம் 'எதைப் போடம்மா?' என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வந்தார்.

பதிவுகளைக் கேட்டு எழுதிய ஓ.எல். (சாதாரண தர) வகுப்புப் பிள்ளைகளே, பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. மண்டபமும் கரண்டும் தந்த கோயில் கமிட்டிக்கும்தான்.

படங்களை விலைக்குக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அவை அந்தந்த அம்மாக்களுக்கு. லயத்துச் சுவர் ஈரம் இழுக்கும் என்று சட்டத்துக்குப் பின்னால் காற்றுப் போக கட்டை அடித்துத் தந்த ஆசாரி அண்ணன் பலகைக்காசு மட்டும்தான் வாங்கினார். இன்னும் எடுத்துப் போகாதவர்கள் பூசாரி ஐயா வீட்டில் கேளுங்கள், சாவி அங்கேதான் இருக்கிறது.