கௌசல்யா மூன்று பேர்

அன்புள்ள மாலதி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பையன் பத்தாவது, அதனால் வீட்டில் டிவி கிடையாது. விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளினிக்குக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேனே, நோயாளி டேபிளுக்கு மொபைல் நம்பரையே பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு ஆளையும் தனியாகப் பிரித்துக் காட்டும் அடையாளமாக, வைத்து? "வேண்டாம்டி, நாளைக்கே சிம்மை மாத்தினா என்ன பண்ணுவே?" என்றாய். பத்து இலக்கம், எல்லோர் கையிலும் இருப்பது, யாருக்கும் மறக்காதது என்று அரை மணி நேரம் உன்னோடு மல்லுக்கட்டினேன். பிரபாவும் என் பக்கம் சேர்ந்தாள். அவள் சேர்ந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போன மாதம் காய்ச்சல் என்று ஒரு பெண் வந்தாள், 22 வயசு. நம்பரைத் தட்டியதும் அறுபது வயசுக்காரர் ஒருவரின் சர்க்கரைக் கணக்கு வந்து நிற்கிறது. ரிசப்ஷனில் புதுப் பெண். பெயரையும் வயசையும் மட்டும் திருத்திச் சேமித்துவிட்டாள். டாக்டர் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தையும் பார்த்தார், பிழைத்தோம். பெரியவர் எப்போதோ அந்த நம்பரை விட்டுவிட்டாராம். மூடிய நம்பரை 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். யோசிக்கவில்லை. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்று நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை, மாலதி.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. ஒரே போனில் ஓடும் குடும்பங்களுக்கு, ரிசப்ஷனில் நம்பரின் வாலில் ஏ, பி என்று ஒட்டிச் சமாளித்திருக்கிறார்கள். மாமியார் ஏ, மருமகள் பி. சண்டை வரவில்லையா என்று கேட்டேன், வந்ததாம்.

அர்த்தமே இல்லாத ஒரு எண்ணைக் கீயாகப் போட்டு, போன் நம்பரைச் சாதாரண விவரமாக இறக்கிவிட்டேன். சொல்ல ஒரு வரிதான். பதினோரு டேபிளில் அந்த போன் நம்பர்தான், நோயாளி யார் என்று சுட்டிக்காட்டும் ஃபாரின் கீயாக உட்கார்ந்திருந்தது. கழற்ற நான்கு ராத்திரி ஆனது.

இதைப் பார்த்த என் ஜூனியர் பையன் "அக்கா, இனிமே எல்லாத்துக்கும் ஐடி போட்டா முடிஞ்சுது" என்று கிளம்பிவிட்டான். அவன் எழுதிய அப்பாயின்ட்மென்ட் டேபிளில் ஐடி இருந்தது, வேறு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒரே டாக்டர், ஒரே நாள், காலை 10.30, வாசலில் இரண்டு பேர். "கோட்ல செக் பண்றேனே" என்கிறான். இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் தட்டினால் இரண்டு செக்கும் "காலி" என்றுதானே சொல்லும்? டாக்டர், தேதி, நேரம் மூன்றையும் சேர்த்து யூனிக் போட்டேன், அதாவது அந்த மூன்றும் ஒன்றாக இரண்டு முறை வரக் கூடாது என்று. இரண்டாவது ஆளை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும். மறுநாளே அடுத்த கூத்து: ரத்தான அப்பாயின்ட்மென்ட்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றன. நல்லவேளை, நான் வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரத்தாகாத வரிசைகளுக்கு மட்டும் யூனிக் வைக்க முடிகிறது.

நோயாளி டேபிளில்தான் திணறுகிறேன். அங்கே எதை யூனிக் ஆக்குவது? பிறந்த தேதியா? நம் ஊர்ப் பெரியவர்கள் பாதிப் பேருக்கு அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. பெயரா? ஒரு கௌசல்யா மூன்று பேராகப் பதிவாகியிருக்கிறாள். ஒன்றில் ஒழுங்கான கௌ. இன்னொன்றில் யாரோ கெ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. மூன்றாவது கவுசல்யா. ஆதார் என்பாய். பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு எங்கே போக? தர மாட்டேன் என்பவரை, காய்ச்சலோடு வாசலில் நிறுத்தி வைப்பதா?

அதனால் அங்கே யூனிக்கே வைக்கவில்லை. ஒத்துப்போகிற பெயர்களைத் திரையில் வரிசையாகக் காட்டுகிறேன். ரிசப்ஷன் பெண் ஆளிடமே கேட்டு முடிவு செய்யட்டும். இது கோழைத்தனமா, புத்திசாலித்தனமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு முன்னால், உன் ஸ்கூல் சாஃப்ட்வேரில் அட்மிஷன் நம்பர்தானே பிரைமரி கீ? அவர்கள் இரண்டாவது கிளை திறந்து, அங்கேயும் 1-இலிருந்து ஆரம்பித்தபோது நீ என்ன செய்தாய்? மறைக்காமல் எழுது. பிரபா பாதி சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
செல்வி