பிரிட்ஜுக்கு ஸ்டார் உண்டு, போனுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் என் அம்மாவின் போன் முதுகு பிளந்துகொண்டது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. உள்ளே பேட்டரி உப்பி, பின்மூடியை மெல்ல மெல்ல நெம்பித் தூக்கியிருக்கிறது. வாங்கி நாலு வருடம் ஆகிறது. அம்மா அதில் செய்வது மூன்றே வேலைதான்: வாட்ஸ்அப்பில் பேத்தியைப் பார்ப்பது, யூடியூப்பில் உபன்யாசம் கேட்பது, கேஸ் புக் செய்வது. மற்றபடி ஒரு கீறல் கிடையாது. பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டால் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்று கணக்குப் போட்டு, கும்பகோணத்தில் இருந்து பஸ் ஏறித் தஞ்சாவூரில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

கவுன்டரில் இருந்த தம்பி மாடல் நம்பரைத் தட்டிப் பார்த்தார். “சார், இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேர் வர்றதில்லை. ஆர்டர் போட்டாலும் எப்ப வரும்னு சொல்ல முடியாது. எக்ஸ்சேஞ்ச்ல புதுசா எடுத்துக்கோங்களேன்” என்றார். சரி, பழசுக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டேன். பேட்டரி உப்பிய போனை எக்ஸ்சேஞ்சில் எடுக்க மாட்டார்களாம்! அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர் சம்பளத்துக்கு நிற்கிறார்.

கடைசியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு சின்னக் கடையில் ஹீட் கன் வைத்துச் சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டை விட்டு மூடியைக் கழற்றி, அரை மணி நேரத்தில் புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். தொள்ளாயிரம் ரூபாய், பில் கிடையாது. பேட்டரி மேல் அச்சடித்திருந்த கம்பெனி பெயரில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது. ஒரிஜினல் இல்லையா தம்பி என்றேன். “கம்பெனிக்காரன் எங்களுக்குக் கொடுத்தா ஒரிஜினல் போட மாட்டோமாண்ணே” என்றார். நியாயமான கேள்வி. வேலை தெரிந்தவர் கையில் பாகம் இல்லை, பாகம் வைத்திருக்க வேண்டியவர் புதுசு வாங்கு என்கிறார். நடுவில் அம்மா இப்போது டூப்ளிகேட் பேட்டரியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

எங்கள் வீட்டு மிக்ஸி 2003-ல் என் கல்யாணத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கப்ளர் நாலைந்து முறை, கார்பன் பிரஷ் இரண்டு முறை, ஜார் பிளேடு எத்தனை முறை என்று கணக்கே இல்லை, மாற்றியாகிவிட்டது. எந்தப் பாத்திரக் கடையிலும் கப்ளர் தொங்கும். மிக்ஸியை விடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் போனுக்கு மட்டும் நாலு வருடத்தில் பாகம் இல்லை என்றால், அது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை, வியாபார முடிவு.

இப்போது பிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டி கூட “எத்தனை ஸ்டார்?” என்று கேட்கிறார். பிஇஇ என்ற மத்திய அரசு அமைப்பு 2006-ல் இந்த ஸ்டார் ஸ்டிக்கரைக் கொண்டுவந்தபோது விருப்பம் உள்ள கம்பெனிகள் ஒட்டலாம் என்றுதான் இருந்தது. 2010 ஜனவரியில் ஏசிக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜுக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். வருடத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்பது கண் முன்னால் ஒட்டியிருக்கிறது, சேல்ஸ்மேன் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து மக்கள் ஸ்டார் பார்த்தார்கள், மக்கள் பார்க்கிறார்கள் என்று கம்பெனிகள் ஸ்டாரைக் கூட்டின. அவ்வளவுதான் விஷயம்.

போனுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், ரிப்பேர் உரிமைக்கு, அதாவது வாங்கிய பொருளைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கு என்று ஒரு இணையதளம் திறந்தது. நல்லதுதான், ஆனால் கம்பெனிகள் கொடுக்கும் விவரங்களைத் தொகுத்து வைக்கும் தளம் அது, சட்டம் இல்லை. பிறகு 2024 செப்டம்பரில் கூடுதல் செயலர் பரத் கேரா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2025 மே மாதம் அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. கழற்றுவது எவ்வளவு சுலபம், உதிரி பாகம் நியாயமான நாட்களில் கிடைக்குமா, என்ன விலை, ரிப்பேர் செய்யும் விவரங்களை வெளியிடுகிறார்களா, சாஃப்ட்வேர் அப்டேட் எப்படி, இதையெல்லாம் பார்த்து ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும், முதலில் போனுக்கும் டேப்லெட்டுக்கும் என்று அறிக்கை சொன்னது. படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, அடுத்த வரி வரும் வரை. மதிப்பெண்ணைக் கணக்கிட்டு அறிவிப்பது கம்பெனியேதானாம். அவர்களுக்குக் கூடுதல் சுமை எதுவும் ஏறாத மாதிரிப் பார்த்துக்கொள்வார்களாம். என் மகள் பிளஸ் டூ பேப்பரை அவளே திருத்தினால் எங்கள் வீட்டிலும் ஒரு டாக்டர் நிச்சயம்.

இன்னொரு வேடிக்கை, மதிப்பெண்ணைப் பெட்டியில் கியூஆர் கோடாகப் போடலாம் என்கிறது அந்த அறிக்கை. போன் கெட்டுப் போனவர்தானே புதுப் போன் வாங்கக் கடைக்கு வருகிறார், அவர் எதை வைத்து ஸ்கேன் செய்வார்? பாட்டி எட்டத்தில் இருந்து எண்ணுகிற மாதிரி ஐந்து நட்சத்திரம் போடுங்கள் சார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைக் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விடவில்லை. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களின் லேபிளில் ரிப்பேர் செய்யும் வசதிக்கு ஏ முதல் ஈ வரை ஒரு தரம் போட்டாக வேண்டும். பேட்டரி 800 முறை முழுதாகச் சார்ஜ் ஆகித் தீர்ந்த பிறகும், புதிதில் தாங்கியதில் எண்பது சதவீதமாவது தாங்க வேண்டும். ஒரு மாடலை விற்பதை நிறுத்திய பிறகு ஏழு ஆண்டு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் வர வேண்டும். வாங்கிய நாளில் இருந்து இல்லை, விற்பனையை நிறுத்திய நாளில் இருந்து. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

அங்கே சட்டம் போட்டால் இங்கே தானாக வந்துவிடும், நமக்கு எதற்குத் தனிச் சட்டம் என்று ஒரு நண்பர் வாதாடினார். டைப் சி சார்ஜரை உதாரணம் காட்டினார். உண்மைதான். எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜர் என்று அவர்கள் 2022-ல் சட்டம் செய்தார்கள், 2024 டிசம்பர் கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15-ல் ஆப்பிள் தன் தனி ஓட்டையை விட்டுவிட்டு டைப் சிக்கு மாறியது, நமக்கும் அதுவே வந்தது. ஊருக்கு ஊர் வேறு வேறு ஓட்டை வைத்துப் போன் செய்தால் கட்டுப்படி ஆகாது, அதனால் வந்தது. ஆனால் உதிரி பாகமும் அப்டேட்டும் அப்படி இல்லையே. ஜெர்மனியில் உள்ளவருக்கு ஏழு ஆண்டு பேட்டரி ஸ்டாக் வைத்திருக்க வேண்டிய கம்பெனி, தஞ்சாவூரிலும் வைத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விலையும் நாட்டுக்கு நாடு மாற்றலாம். போனின் உடம்பு கப்பலில் ஒரே மாதிரி வந்து இறங்கும், வாக்குறுதி அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் நம் சட்டம் நமக்கு வேண்டும்.

பேட்டரியைச் சாதாரண ஆள் கழற்ற முடியாமல் ஒட்டி வைப்பது பாதுகாப்புக்காக என்று கம்பெனிகள் சொல்லும். இதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது, அதில் வேலை பார்த்தவர்கள் பட்ட பாடு தனிக் கடிதம். அந்த நோக்கியா போன்களில் பின்மூடியை நகத்தால் தள்ளினால் கையில் வந்துவிடும், உள்ளே பிஎல் 5சி பேட்டரி. 2007 ஆகஸ்டில், மட்சுஷிட்டா என்ற ஜப்பான் கம்பெனி தயாரித்துக் கொடுத்த 4.6 கோடி பிஎல் 5சி பேட்டரிகளில் சில சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. ஞாபகம் இருக்கிறதா? டீக்கடையில் ஆளாளுக்குப் பேட்டரியைக் கழற்றி, பின்னால் இருந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வம்பு பிடித்த நம்பர் என்றால் பேட்டரி மட்டும் மாறியது, போன் நம்மிடமே இருந்தது. ஒன்பது வருடம் கழித்து, 2016-ல், சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7-ல் பேட்டரி தீப்பிடித்தது. அது ஒட்டி மூடிய போன். முதலில் சுமார் 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற்றார்கள், மாற்றிக் கொடுத்ததும் எரியவே, அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டார்கள். கழற்ற முடிந்த பேட்டரியா, கழற்ற முடியாத பேட்டரியா, எது பாதுகாப்பு என்று இனி யாராவது எனக்குச் சொல்லிக் கொடுக்க வரட்டும்.

தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டத்தான் வேண்டும் என்பதும் பாதி நியாயம். அதற்கு ஐரோப்பிய விதியிலேயே வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கி, ஆயிரம் சார்ஜுக்குப் பிறகும் பேட்டரி எண்பது சதவீதம் நின்றால் ஒட்டிக்கொள், இல்லையென்றால் பயன்படுத்துகிறவரே கழற்றும்படி செய். கேட்க வேண்டிய விதத்தில் கேட்டால் கம்பெனிகள் செய்யத்தான் செய்கின்றன.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடக் கூடாது என்று சாஃப்ட்வேர் மூலம் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது, அதுவும் வெளியில் சோதித்தவர்கள் கண்டுபிடித்த பிறகு. போன் பழசாகிவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் புதுசு வாங்கினார்களோ. பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரில் இருந்து 29 ஆகக் குறைத்தார்கள். பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது, வேகத்தைக் குறைத்ததற்காகக் கூட இல்லை, வாங்கியவரிடம் சொல்லாமல் விட்டதற்காக. வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமல் விடுவதே குற்றம் என்று ஒரு நாடு நினைக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் அரசின் கணக்கு வேறு மாதிரி. 2020-ல் வந்த உற்பத்தி ஊக்கத் திட்டத்தில், இங்கே தயாரிக்கும் போன்களின் விற்பனை எவ்வளவு கூடுகிறதோ அந்தக் கூடுதலில் 4 முதல் 6 சதவீதம் வரை கம்பெனிகளுக்கு ஊக்கத்தொகை. அதனால் ஆலைகள் வந்தன, மறுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானிலும் ஓசூர் டாடா ஆலையிலும் நம் பிள்ளைகள் ஐபோன் பூட்டுகிறார்கள், பெருமைதான். ஆனால் அதிகம் விற்றால் பணம் கொடுக்கிற கஜானா, அதிக நாள் உழைக்கிற போனுக்கு என்ன கொடுக்கிறது? நம் வரிப்பணத்தில் ஊக்கத்தொகை வாங்குகிற கம்பெனி, நம் ஊரில் ஏழு வருடம் பேட்டரி கொடுப்பேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் குடி முழுகிப் போகுமா?

மாநில அரசும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இருபது லட்சம் வாங்குகிற ஆள் சொன்னால் எந்தக் கம்பெனியும் கேட்கும். ஸ்குரூ போட்ட பேட்டரி, ஐந்து வருட உதிரி பாகம், அதன் விலை இன்றைக்கே எழுதிக் கொடு என்று டெண்டரில் மூன்று வரி சேர்க்கலாம். தில்லியைக் கேட்க வேண்டியதில்லை, சட்டமன்றத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் புதுப் போன் வந்தால் கேமரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி, என்னென்ன கலரில் கிடைக்கிறது என்று அரைப் பக்கம் போடுகிறீர்கள். தீபாவளிக்கு முழுப் பக்க விளம்பரம் வருவதும் தெரியும், அது உங்கள் பிழைப்பு, நான் தலையிடவில்லை. அந்த அரைப் பக்கத்தில் இரண்டே வரி கூடச் சேர்த்தால் போதும்: இந்தப் போனுக்குப் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், எந்த ஆண்டு வரை அப்டேட் வரும். கம்பெனியிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ‘கேட்டோம், பதில் இல்லை’ என்றே அச்சடியுங்கள். அம்மாவுக்கு அடுத்த போன் எப்படியும் ஒரு வருடத்துக்குள் வாங்க வேண்டியிருக்கும், நான் உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கும்பகோணம்.