கரப்பன் உள்ள பிள்ளையை மல்யுத்த மெத்தையிலிருந்து இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மல்யுத்தம், ஜூடோ, கபடி எதுவானாலும் உடம்போடு உடம்பு உரசாமல் விளையாட முடியாது. அதனால் முழங்கை மடிப்பிலோ கழுத்திலோ தோல் கறுத்துத் தடித்த பிள்ளை பயிற்சிக்கு வந்தால், "இது தொத்தும், மாறினாப் பிறகு வா" என்று திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அதே பின்னேரம், இடுப்பில் வட்டமாகப் படர்தாமரை உள்ள இன்னொரு பிள்ளை, சேட்டு மறைத்திருப்பதால், எல்லாரோடும் கட்டிப் புரளும். தொற்றாததை வெளியே நிறுத்திவிட்டுத் தொற்றுவதை உள்ளே விடுகிறோம். இதைப் பயிற்றுநர்களும் பெற்றோரும் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

கரப்பன் என்று நாங்கள் சொல்கிற எக்சிமா கிருமியால் வருவதல்ல. தோலின் மேற்படை ஈரத்தைப் பிடித்து வைக்க மாட்டாததுதான் அடிப்படைக் கோளாறு. அநேகமாகக் குடும்பத்தில் யாருக்காவது தொய்வோ ஓயாத தும்மலோ இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அது போகாது. ஆனால் அந்தத் தோலுக்குள் வெளிக் கிருமிகள் லேசாக நுழையும். ஆகவே மெத்தையில் ஆபத்து அந்தப் பிள்ளையால் மற்றவர்களுக்கு அல்ல. மற்றவர்களின் படர்தாமரை, சீழ்ப்புண், ஹேர்ப்பீஸ் என்ற வைரசுக் கொப்புளம் ஆகியவற்றால் அந்தப் பிள்ளைக்குத்தான். ஹேர்ப்பீஸை லேசாக எடுக்கக்கூடாது. 1989இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஒரு மல்யுத்தப் பயிற்சி முகாமில் 175 பேரில் 60 பேருக்கு அது தொற்றியது.

பயிற்சிக்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொருவரின் முகம், கழுத்து, கை, கால், முதுகு ஆகியவற்றைப் பார்க்க ஒரு நிமிடம்கூட எடுக்காது. எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் சரி. கரப்பன் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி, மடிப்புகளில் இருக்கும். எல்லை மங்கலாக, காய்ந்து, சொறிந்து சொறிந்து தடித்திருக்கும். எங்கள் நிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாது. சாம்பலோடிய கறுப்பாகவே தெரியும். படர்தாமரை அநேகமாக ஒரு பக்கம்தான். ஓரம் சற்று உயர்ந்து செதில் விட்டிருக்கும், நடு வெளித்திருக்கும். தேன் காய்ந்ததுபோல மஞ்சள் பொருக்கு இருந்தால் பக்டீரியாப் புண். ஒரே அளவான சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக, கடியைவிட, அதாவது அரிப்பைவிட, எரிவும் நோவும் கூடுதலாக இருந்தால் ஹேர்ப்பீஸ் என்று எடுத்துக்கொண்டு பிள்ளையை உடனே நிறுத்த வேண்டும். இரவில் கடி கூடி, விரல் இடுக்கில் பொட்டுப் பொட்டாக வந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்கு.

பார்த்துப் பிரிப்பதைக் கெடுப்பது பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்கும் கலவைக் களிம்புதான். ஒரே ரியூப்பில் கடுமையான ஸ்டீரொயிட், பூஞ்சண மருந்து, அன்ரிபயோற்றிக் மூன்றும் இருக்கும். படர்தாமரைக்கு அதைப் பூசினால் ஸ்டீரொயிட் கடியையும் வீக்கத்தையும் அடக்கும். பூஞ்சணமோ உள்ளே பரவும். வட்டமும் ஓரமும் கலைந்து, பார்ப்பதற்குக் கரப்பன்போலவே ஆகிவிடும். பிறகு தோல் வைத்தியர்கூட செதிலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். பூசும்போது குறைவதும், விட்டதும் முன்னையைவிட அகலமாக வருவதும் இருந்தால் களிம்பை நிறுத்திவிட்டு யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். போகும்போது அந்த ரியூப்பையும் கொண்டு போங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வைத்தியர் கரப்பன் என்று உறுதிசெய்து தந்த ஸ்டீரொயிட் களிம்பை, 'தோல் மெலிஞ்சு போகும்' என்ற பயத்தில் பட்டும் படாமலும் பூசுகிறவர்கள் ஏராளம். அதனால் கரப்பன் அடங்குவதில்லை, மாதக்கணக்கில் இழுபடும். வளர்ந்தவரின் சுட்டுவிரல் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது காணும். வளர்ந்தவரின் ஒரு கை முழுவதற்கும் அப்படி மூன்று, மணிக்கட்டுக்குக் கீழே இன்னும் ஒன்று. தோல் தடவிப் பார்க்க மழமழப்பாகும் வரை, வழமையாக ஒன்று இரண்டு கிழமைக்கு, ஒழுங்காகப் பூசிவிட்டு நிறுத்துவதே சரியான முறை. முகத்துக்கு ஹைட்ரோகோட்டிசோன் 1 சதவீதம் போன்ற மென்மையானதுதான். கை காலுக்குத் தந்த கடுமையான பீற்றாமெதசோனையோ கிளோபெற்றசோலையோ முகத்தில் வைக்கக்கூடாது. பயிற்சிக்குப் போக முன் இவை எதையும் பூச வேண்டாம். பாதி எதிராளியின் தோலில்தான் போய்ச் சேரும். இரவு குளித்த பின் பூசி, ஈரப்பதக் களிம்புக்கும் அதற்கும் இடையில் இருபது முப்பது நிமிடம் விடுங்கள்.

மருந்தைவிட முக்கியம் ஈரப்பதக் களிம்பு. அதைத்தான் குறைவாகப் பாவிக்கிறோம். உடம்பெங்கும் கரப்பன் உள்ள பிள்ளைக்குக் கிழமைக்கு 250 முதல் 500 கிராம் வேண்டும். கடையில் வாங்கும் சின்ன ரியூப் இரண்டு நாளுக்கும் காணாது. விலை கட்டுப்படியாகாவிட்டால் வெள்ளை மென்பரவின், அதாவது மணமில்லாத சாதாரண வசலின், தாராளமாகப் போதும். போத்தலுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் ஏக்குவஸ் கிறீம்களில் பெரும்பாலானவற்றில் சோடியம் லோறில் சல்பேற்று உண்டு. அதைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூசிக் கழுவிவிடலாம். பூசியபடி விட்டால் எரியும். பரவின் ஊறிய உடுப்பு இலகுவில் தீப்பற்றும், தோய்த்தாலும் முழுதாகப் போகாது. அந்த உடுப்போடு அடுப்படியிலும் விளக்கடியிலும் கவனம்.

எப்போது பூசுவது என்பதில் பலர் பிழைவிடுகிறார்கள். மெத்தையில் ஏற முன் தடிப்பாக வசலின் பூசினால் வேர்வை வெளியேற வழியில்லாமல் வேர்க்குரு போடும். எதிராளிக்குப் பிடி வழுக்கும். சர்வதேச மல்யுத்த விதியில் உடம்பில் எண்ணெய்த் தன்மையானது பூசுவதே தடை. பின்னேரப் பயிற்சியென்றால் காலையில் ஒருமுறை பூசுங்கள். பிறகு பயிற்சிக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்பு மெல்லிய லோஷன், சுவறும் அளவுக்கு மட்டும். தடிப்பானது இரவுக்கு.

பயிற்சி முடிந்து வேர்வையோடும் புழுதியோடும் பஸ்ஸில் வீடு போவதுதான் கரப்பனைக் கிளப்புகிற பெரிய காரணம். வேர்வை காயக் காய உப்புத் தோலில் தேங்கும், கடிக்கத் தொடங்கும், சொறிந்த இடம் உடைந்து கிருமிக்கு வாசலாகும். மண்டபத்தில் குளிக்க வசதியில்லாவிட்டால் ஒன்றரை லீற்றர் போத்தல் தண்ணீரும் சுத்தமான துவாயும் பையில் இருக்கட்டும். கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் மூன்றையும் நனைத்து ஒற்றி எடுத்து, காய்ந்த உடுப்பு மாற்றிக்கொண்டு புறப்படலாம். வீட்டுக்கு வந்ததும் ஐந்து பத்து நிமிடக் குளிப்பு.

குளிப்பதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த வன்மைதான். சாதாரண சவர்க்காரம் அந்த நீரோடு சேர்ந்து நுரைக்காமல் மண்டியாகித் தோலில் ஒட்டும். நுரை வரவில்லையென்று இன்னும் போடுவோம்; தோல் இன்னும் காயும். கட்டிப்பிடித்து விளையாடிவிட்டுச் சும்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரவும் முடியாது, கிருமியைக் கழுவத்தான் வேண்டும். அதனால் பி.எச். 5.5 என்று எழுதியிருக்கும் சவர்க்காரமல்லாத கழுவியைப் பாவியுங்கள். வன்னீரிலும் அது மண்டியாகாது. தும்பு, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்க வேண்டாம். தேசிக்காய் தேய்த்துவிட்டு வெய்யிலில் போனால் தோல் வெந்துபோகும். குளிக்கும் வாளிக்குள் டெற்றோல் ஊற்றுவது நல்ல தோலுக்கே கடுமை. கரப்பன் தோலுக்கு எரிகாயம்தான். துடைக்கும்போது ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய முன், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், களிம்பைப் பூசினால்தான் அந்த ஈரம் உள்ளே நிற்கும்.

உடுப்பைப் பற்றிக் கொஞ்சம். உடம்போடு ஒட்டிய நீளக் கைப் பெனியன் மெத்தை உரசலைக் குறைக்கும், ஆனால் நனைந்தபடி போட்டிருக்கக்கூடாது. புது ஜூடோ உடுப்பை இரண்டு மூன்று முறை தோய்த்தபின் போடுங்கள். கழுத்துப்பட்டிதான் முதலில் அரிக்கும். சலவைத் தூளைப் பாதியாக்கி, இரண்டு தண்ணீரில் அலசி, வெய்யிலில் காய விடுங்கள். முழங்கால் உறையின் அளவிலேயே, அல்லது ஒட்டுநாடா சுற்றிய விரலில் மட்டும் கரப்பன் வந்தால், அது றப்பர் அல்லது பசை ஒவ்வாமையாக இருக்கலாம். பொருளை மாற்றாமல் களிம்பு பூசிப் பலனில்லை. நகத்தை ஒட்ட வெட்டுவது எல்லாருக்கும் விதி.

மெத்தையைச் சுத்தம் செய்வதில் கைக்கு வந்தபடி குளோறின் ஊற்றுகிறார்கள். முதலில் கூட்டி, சவர்க்கார நீரால் அழுக்கைத் துடைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் குளோறின் அதிலேயே செலவாகிப்போகும். பிறகு 5 சதவீத பிளீச் 100 மில்லிலீற்றரைப் பத்து லீற்றர் தண்ணீரில் கலந்து, மெத்தை பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி துடைக்கவும். கிணற்றுக்குப் போடுகிற குளோறின் தூளானால், 33 சதவீதத் தூளில் ஏறத்தாழ 15 கிராம். கலக்கித் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுங்கள், மண்டி மெத்தையில் படிந்தால் அதுவே தோலை அரிக்கும். கடைசியாக வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இதைச் சேர்த்தால் நச்சு வாயு வரும்.

கரப்பனுக்கு பிளீச் குளிப்பு நல்லதென்று எங்காவது பார்த்துவிட்டு இதே வாளியைப் பிள்ளையின் தலையில் ஊற்றிவிடாதீர்கள். வைத்தியர்கள் சொல்லும் குளிப்பு 0.005 சதவீதம், மெத்தைக்குக் கலந்தது அதைப்போல் பத்து மடங்கு.

எப்போது ஓய்வு? வெடித்து நீர் கசியும் இடம் இருந்தால் தொட்டு விளையாடும் பயிற்சி கூடாது. ஓட்டம், பலப்பயிற்சி, கால் நகர்வு செய்யலாம். காய்ந்து சற்று வெடித்த இடமென்றால் மென்துணி வைத்துக் குழாய்போல இழுத்துப் போடும் கட்டுப்போட்டு, மேலே நீளக் கை. தொற்று நோய்க்கு மூடிக் கட்டுவது தீர்வல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்தத்தில் உள்ள கணக்கு எங்கள் பாடசாலைகளுக்கும் பொருந்தும்: உடம்புப் படர்தாமரைக்கு 72 மணித்தியால மருந்து, தலையில் என்றால் இரண்டு கிழமைக் குளிசை. பக்டீரியாப் புண்ணுக்கு 72 மணித்தியால அன்ரிபயோற்றிக், 48 மணித்தியாலம் புதிதாக எதுவும் வராமை, கசிவில்லாமை. ஹேர்ப்பீஸுக்கு 120 மணித்தியாலம் வைரசு மருந்து, புதுக் கொப்புளம் இல்லாமல் 72 மணித்தியாலம், எல்லாம் பொருக்காகியிருத்தல். கரப்பன் உள்ள பிள்ளைக்கு ஒரேமாதிரி நோவான கொப்புளங்கள் திடீரெனப் பரவி, குழிப்புண்ணாகி, காய்ச்சலும் வந்தால் அன்றிரவே ஆஸ்பத்திரி. அசைக்ளோவிர் என்ற வைரசு மருந்து பிந்தினால் உயிராபத்து. கண்ணருகே வந்தால் கண் வைத்தியரும் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் கிரந்தி, அதாவது கரப்பனைக் கிளப்பும் என்று முட்டை, மீன், இறால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சோறும் பருப்பும் தின்கிற பிள்ளையிடம் எடைப்பிரிவில் பலம் கேட்பது நியாயமில்லை. ஒன்றைச் சாப்பிட்ட இரண்டு மணித்தியாலத்துக்குள் தடித்து, வீங்கி, வாந்தியோ இழைப்போ வந்தால் அதை மட்டும் நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். கடிக்குப் பிரிற்றன் என்ற ஒவ்வாமைக் குளிசை கொடுத்தால் நித்திரை வரும், கரப்பன் மாறாது. அடுத்த நாள் பிள்ளை மெத்தையில் தூங்கும். விரைவாக மாறட்டும் என்று பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எடுத்தால் விட்டதும் திருப்பி அடிக்கும். ஊக்கமருந்து விதிப்படி வாயால் எடுக்கும் ஸ்டீரொயிட் போட்டிக்காலத்தில் தடையும்கூட. தோலில் பூசுவதற்குத் தடையில்லை.

போட்டியன்று நிறை பார்க்கும் இடத்தில் தோலையும் பார்ப்பார்கள். அங்கே நின்று விளக்கம் சொல்ல ஏலாது. அந்தக் கிழமையிலேயே எழுதிய வைத்தியர் கடிதம் வேண்டும்: நோயின் பெயர், தொற்றாது என்ற வரி, உடம்பில் எந்தெந்த இடம், பாவிக்கும் மருந்து, திகதி, முத்திரை. இடங்களைக் குறிக்காத கடிதத்தை ஏற்காமல் விடலாம், அதிலும் நியாயம் உண்டு. கடிதம் முழங்கைக்கு, காட்டுவது முதுகு என்று வந்தால் யார் பொறுப்பு? கரப்பன் அடங்கியிருக்கும் நாளில் எடுத்த படங்கள் பயிற்றுநரின் கைப்பேசியில் இருந்தால், புதிதாகத் தெரிவது பழைய தழும்பா, நேற்று வந்ததா என்பதை அங்கேயே ஒப்பிட்டுக் காட்டலாம். படம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

இங்ஙனம்,
மல்யுத்தம் பழக்கும் பயிற்றுநர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.