வெஸ்டா மாதிரிகள் குறித்துப் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றனர். நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்துள்ளன. அனைவருக்கும் பாராட்டுகள்.

எட்டாம் வகுப்பின் அறிவியல் செயல்திட்டத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில், சீரிசு என்னும் குறுங்கோளுக்கு அடுத்தபடியாக நிறை மிகுந்த வெஸ்டா என்னும் சிறுகோளின் மாதிரியைச் செய்து வரச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை வழவழப்பாக வண்ணம் பூசிய, அப்பழுக்கற்ற உருண்டைகள். பார்க்க மிக அழகாகவே இருந்தன. ஆனால் வெஸ்டா முழு உருண்டை அன்று. இடுப்புப் பகுதியில் சுமார் 570 கி.மீ. அகலமுள்ள அது, துருவத்துக்குத் துருவம் ஏறக்குறைய 446 கி.மீ. மட்டுமே. முன்னொரு காலத்தில் வேறொரு பாறை வந்து மோதியதால் தென்துருவத்தருகே உண்டான, ஏறத்தாழ 500 கி.மீ. அகலமுள்ள ரியாசில்வியா பள்ளமும், அதன் நடுவே சுமார் 20 கி.மீ. உயர்ந்து நிற்கும் மேடும்தான் வெஸ்டாவின் முகவரி. 2011 ஜூலை முதல் 2012 செப்டம்பர் வரை அதைச் சுற்றிவந்த டான் விண்கலம் எடுத்த படங்களை வகுப்பில் காட்டியதே அதற்காகத்தான்.

ஒரே ஒரு களிமண் மாதிரி கோணலாக, வண்ணம் திட்டுத்திட்டாக இருந்தது. அதன் அடியில் கட்டைவிரலால் அழுத்திய பள்ளமும், பள்ளத்தின் நடுவே ஒட்டிய சிறு உருண்டையும் இருந்தன. அதைச் செய்த மாணவி, வெஸ்டாவிலிருந்து தெறித்த துண்டுகளுள் சில விண்கற்களாகப் பூமியில் விழுந்து கிடைத்திருப்பதையும் தானாகவே சொன்னாள். மெருகிட்ட மாதிரிகளைக் கொண்டுவந்தோரில் பலருக்குத் தென்துருவம் எந்தப் பக்கம் என்று காட்டத் தெரியவில்லை; அவர்கள் தலைகுனிந்து நின்றது எங்களுக்கு வருத்தமளித்தது.

ஆகவே, பெரியவர்கள் செய்துகொடுத்த மாதிரிகளுக்கும் கடையில் வாங்கியவற்றுக்கும் இனி மதிப்பெண் வழங்கப்படாது. இதில் எவருக்கும் விலக்கு இல்லை.

பகல் முழுவதும் உழைத்த களைப்போடு, பிள்ளைக்காக இரவில் கண்விழித்திருக்கிறீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். அந்த அக்கறையை ஒருபோதும் குறைத்து மதிப்பிடவில்லை. படங்களைச் சேர்ந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள், களிமண்ணை அவர்கள் கையில் விட்டுவிடுங்கள். சிறுகோள்களிலேயே பிரகாசமான வெஸ்டா, பூமியை நெருங்கிவரும் காலங்களில் இருண்ட வானில் சில வேளை வெறும் கண்ணுக்கே தெரியும். அதைப் பிள்ளையோடு தேடிப் பார்ப்பது எந்த மாதிரியை விடவும் பெரிய உதவி. மீண்டும் செய்ய விரும்பும் மாணவர்களுக்கு அடுத்த பருவத்தின் முதல் வாரம் வரை அவகாசம் உண்டு.

தங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்