குதிரையை விட்ட கதை

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள இசக்கி,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டத்தான் போகிறாய். திட்டிக்கொள். முழங்கால் எப்படி என்று கேட்கமாட்டேன், பதில் நாலு பக்கம் வரும். இங்கே எல்லாரும் சௌக்கியம்.

விஷயம் என்னவென்றால், பெரியவள் மகன் அகமதுநகரில் பயிற்சி முடித்து லீவில் வந்திருக்கிறான். நம்மைப் போலவே டாங்கிப் படை. வந்த மறுநாளே எனக்கும் அவனுக்கும் சண்டை. "மெஷின் கன்னுக்கு முன்னால குதிரையில போனவங்க புத்தி கெட்டவங்கதானே தாத்தா?" என்கிறான்.

விடுவேனா? 1918இல் ஜோத்பூர், மைசூர் குதிரை வீரர்கள், இப்போது இஸ்ரேலில் இருக்கிற ஹைஃபா நகரைப் பிடித்ததைச் சொன்னேன். அங்கே எதிரில் இருந்ததும் மெஷின் கன்தான். "அப்புறம் ஏன் குதிரையை விட்டாங்க?" என்றான். நியாயமான கேள்வி. குதிரை சும்மா நிற்கிற நாளிலும் தீனி கேட்கும். குண்டுக்கு அதன் தோல் என்ன தடுப்பு? காலம் போய்விட்டது, அதில் எனக்கு வழக்கில்லை. 1938இல் ராவல்பிண்டியில் சிந்து ஹார்ஸ் ரெஜிமென்ட் முதலில் குதிரையை விட்டு மோட்டார் வண்டிக்கு மாறியது. அடுத்த சில வருஷங்களில் மற்ற ரெஜிமென்டுகளும் மாறின. 1953இல் 61ஆவது குதிரைப்படையைத் தொடங்கியது, சமஸ்தானங்களில் மிஞ்சியிருந்த குதிரைப் படைகளைச் சேர்த்துத்தான்.

ஆனால் அந்த ஆட்கள் வண்டிக்கு எப்படிப் பழகினார்கள் என்று யோசித்திருக்கிறாயா? லகானைப் பிடித்த கை ஸ்பானரைப் பிடிக்க வேண்டும். தனித்தனியாகச் சவாரி செய்தவர்கள் ஒரே இரும்புப் பெட்டிக்குள் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். அவர்களைக் காப்பாற்றியது குதிரைலாயப் பழக்கம்தான் என்பேன். இறங்கியதும் வாரைத் தளர்த்து, குளம்பைத் தூக்கிக் கல் இருக்கிறதா பார், தண்ணீர் காட்டு, தீனி வை, அப்புறம்தான் உன் சாப்பாடு. நம்ம தபேதார் விஜயந்தா டாங்கியைச் சுற்றி நம்மை ஓடவிட்டது வேறென்ன? ஆயில் பார், டிராக் சங்கிலிப் பின்னை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார், அதுவரை சோறு கிடையாது. அவர் அப்பா குதிரையில் இருந்தவர், ஞாபகம் இருக்கிறதா? வசவு உட்பட எல்லாம் பரம்பரைச் சொத்து!

நம்ம காயல் துறைமுகத்தையே பாரேன். பாண்டியர்கள் அரபுக் குதிரையைக் கப்பல் கப்பலாக இறக்கியிருக்கிறார்கள். வளர்க்கத் தெரியாமல் வருஷா வருஷம் சாகக் கொடுத்து, மறுபடி வாங்கினார்களாம். லாடம் அடிக்கக்கூட ஆள் இல்லை என்று மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். காசு இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தால், பயல் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இப்ப எல்லாம் சென்சாரே சொல்லிரும் தாத்தா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நம்ம படைச் சங்கரன் அன்றைக்கு அவசரப்படாமல் ஒருதரம் இறங்கித் தட்டிப் பார்த்திருந்தால்? பயலிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இவன் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதுரை வழியாகத்தான் ரெஜிமென்டுக்குப் போகிறான். ஒரு ராத்திரி உன் வீட்டில் தங்கச் சொல்லியிருக்கிறேன். சங்கரன் கதையை நீ சொல், முழுசாகச் சொல். நான் சொன்னால் கிழவன் புலம்பல், நீ சொன்னால் அனுபவம். அல்வா கொடுத்துவிடுகிறேன். சர்க்கரைக்காரன் நீ, ஒரு துண்டோடு நிறுத்து. பாக்கி மதனிக்கு.

உன்,
ஆறுமுகம்