சோபா இப்போதைக்கு வேண்டாம்மா

அன்பு மகள் தேன்மொழிக்கு,

தீபாவளிக்குப் புது சோபா வாங்கித் தருகிறேன் என்று போனில் சொன்னாய். நான் பிடி கொடுக்காமல் பேசியதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். காரணம் நம் பூனை சுந்தரிதான்.

மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கத்துகிறாள். பசிக்குக் கத்துவது போல இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும் நீண்ட குரல். போய்ப் பார்த்தால் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்பாள். திரும்பி வரத் தெரியவில்லை. தூக்கினால் யாரோ எவரோ என்பது போல என்னைப் பார்க்கிறாள், அப்புறம்தான் உடம்பு இளகுகிறது. மணல் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தரையில் போய்விடுகிறாள். சேட்டை என்று நினைத்து முதலில் திட்டிவிட்டேன். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

சிங்கப்பூரில் வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டில் பூனைக்குத் தடை இருந்த காலத்தில் புளோக் கீழேயிருந்து நீ தூக்கி வந்த குட்டி. 2024 செப்டம்பரில் தடை நீங்கியதும் அப்பா முதல் வேலையாக உரிமம் எடுத்தார். அத்தனை வருஷமும் அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் குரல் எழுப்பாதவள் அவள்.

மருத்துவர் முதலில் ரத்தம் எடுத்தார், ரத்த அழுத்தமும் பார்த்தார். வயதான பூனை ராத்திரியில் கத்தினால் தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு எதுவாகவும் இருக்கலாமாம். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறதி நோய் என்றார். நம் பாட்டிக்கு வந்த அல்சைமர் போலவே மூளையில் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் படிகிறதாம். 15 வயது தாண்டிய பூனைகளில் ஏறக்குறைய பாதிக்கு ஏதாவது ஓர் அறிகுறி தெரியுமாம். சுந்தரிக்கு 17. குணமாக்க மருந்து இல்லை.

வேளைக்குச் சாப்பாடு, ராத்திரியில் சின்ன விளக்கு, விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு, இவ்வளவுதான் நாங்கள் செய்வது. முக்கியமாக, வீட்டில் எதையும் இடம் மாற்றக் கூடாது என்றார். பழைய சோபாவை உரசிக்கொண்டேதான் அவள் உன் அறைக்குப் போகிறாள். துணி பிய்ந்த அந்த முனை வந்ததும் நின்று மோந்து பார்த்துவிட்டு, இடப்பக்கம் திரும்புகிறாள். அதை எடுத்துவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு போவாள்?

இந்த வருஷம் லீவு கிடைக்காது என்றாய், சரி. நீ போட்ட பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் தபாலில் அனுப்பு. உன் கட்டிலில் விரித்து வைக்கிறேன். அங்கேதான் அவள் போய்ப் படுக்கிறாள்.

அன்புடன்,
அம்மா