அடர்த்திக் கணக்கில் ஏரியையும் சேர்க்கலாமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்க ஊரக டவுன்ஷிப்களில் ஆள் குறைந்துவருவது பற்றிய செய்தியில், மக்கள்தொகையை மொத்தப் பரப்பால் வகுத்து அடர்த்தி காட்டியிருந்தீர்கள். அது பொருந்தாது. நில அளவைப்படி ஒரு டவுன்ஷிப் என்பது பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரம். 640 ஏக்கர் வீதம் 36 பிரிவுகள், ஏறத்தாழ 93 சதுர கி.மீ. (தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்குவதால் சதுரம் என்பதே காகிதத்தில்தான்.) ஏரிகள் மிகுந்த மினசோட்டாவில் இதில் ஒரு பங்கு தண்ணீராகவே இருக்கும். கணக்கெடுப்புத் துறை நிலப்பரப்பையும் நீர்ப்பரப்பையும் தனித்தனியே தருகிறது. வகுக்க வேண்டியது நிலப்பரப்பால் மட்டுமே.

மக்கள்தொகை எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. நெப்ராஸ்கா மாநிலத்தின் மோனோவி சிற்றூரில் 2010 கணக்கெடுப்பின்படி ஒருவர், 2020இல் இருவர். உண்மையில் யாரும் புதிதாகக் குடியேறவில்லை. தனிநபர் விவரம் வெளிப்படாதிருக்க, சிறிய ஊர்களின் எண்களைத் துறையே சற்று மாற்றி வெளியிட்டது. மாநில மொத்தத்திலும் வீடுகளின் எண்ணிக்கையிலும் இம்மாற்றம் செய்யப்படவில்லை. எனவே, சில நூறு பேருக்கும் குறைவான ஊர்களைப் பற்றி எழுதும்போது வீடுகளின் எண்ணிக்கையையும் உடன் வெளியிடலாம்.